நாற்பது அநாதைகளும் ஒரு கலியாணமும்

"ரிக்கெற் போட்டாச்சு," என்றாள் சிறிதேவி. "ஜூன் கடைசியிலை போறம். நாலு கிழமை. அது வராது."

அருளானந்தன் அப்போது பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் தலையை விட்டிருந்தார். மகள் கம்சிகா ஒரு கோப்பையைக் குப்புற வைக்காமல் சரித்து வைத்திருந்தாள். அதை நேராக்கிய பிறகுதான் தலையை வெளியே எடுத்தார்.

"எது வராது?"

"உங்கட மற்றப் பெஞ்சாதி."

குசினி மேசையில் திறந்து கிடந்த மடிக்கணினியைச் சிறிதேவி நாடியால் காட்டினாள். அது எதையோ இறக்கிக்கொண்டு மெல்ல இரைந்தது.

ரொறன்ரோவில் அவளுடைய தம்பிக்குக் கலியாணம். ஐந்து வருடத்துக்கு முன்னர் அவளுடைய தங்கைக்கு அதே ஊரில் கலியாணம் நடந்தபோது, தாலி கட்டுகிற நேரத்தில் மூத்த மருமகன் அருளானந்தன் மண்டபத்து அலுவலக அறைக்குள் இருந்தார். தொலைபேசி வயரைக் கழற்றி மடிக்கணினியில் கொளுவி, உடைந்துபோன மென்பொருள் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். கலியாண வீடியோவில் முன்வரிசையில் ஒரு வெறும் நாற்காலி தெரியும். "அவருக்கு வயிறு சரியில்லை" என்று சிறிதேவி அன்றைக்குச் சொல்லிச் சமாளித்தாள். கனடாச் சொந்தங்கள் இன்றைக்கும் ரெலிபோன் எடுத்தால் முதலில் அவருடைய வயிற்றைத்தான் சுகம் விசாரிக்கும்.

"இந்த முறையும் அது வாறதெண்டால் நானும் பிள்ளையும் போறம். நீங்கள் அதோடை இஞ்சை இருங்கோ," என்றாள்.

அவள் சத்தம் போட்டிருந்தால் அருளானந்தன் பயந்திருக்க மாட்டார். தேங்காய் துருவுகிற கையை நிறுத்தாமல் சொன்னாள். அதனால்தான் பயந்தார்.

அருளானந்தனுக்கு உத்தியோகம் ஒஸ்லோவின் ஒரு வட்டார அலுவலகத்தில். கடவுச்சொல்லை மறந்துவிட்டு வருகிறவர்களுக்குப் புதிய கடவுச்சொல் கொடுப்பது. உயிர் இருந்த இடம் வேறு. அதற்குக் களஞ்சியம் என்று பெயர். லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தில் ஓடும் மென்பொருள்களைப் பொதி பொதியாகக் கட்டி, யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் அடுக்கி வைத்த கிட்டங்கி அது. தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகை, பஞ்சாங்கம், நோர்வேஜிய மொழிக்கு எழுத்துப்பிழை திருத்தி என்று என்னென்னவோ இருந்தன. ஒவ்வொரு பொதியையும் ஒரு தொண்டர் பார்த்துக்கொள்ள வேண்டும். பழுதானால் திருத்த வேண்டும், புதுப்பதிப்பு வந்தால் மாற்ற வேண்டும். சம்பளம் கிடையாது. பார்த்துக்கொண்டவர் விலகிப்போய்விட்டால் அந்தப் பொதிக்கு அந்த உலகத்தில் 'அநாதை' என்றே பெயர்.

களஞ்சியத்தில் அப்போது முப்பத்தொன்பது அநாதைகள். அத்தனைக்கும் தாயும் தகப்பனும் அருளானந்தன்தான். அலுவலகத்தில், சுரங்க ரயிலில், பல்வைத்தியரின் வரவேற்பறையில் என்று இருந்த இடத்திலெல்லாம் அவற்றுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தார்.

"போறதுக்கிடையிலை எல்லாத்துக்கும் ஆளைப் பிடிச்சுப் பொறுப்புக் குடுத்திட்டு வாறன்," என்றார்.

"நான் பிடிச்சுத் தரட்டோ?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "உமக்குப் பொதி எண்டால் என்னெண்டே தெரியாது."

"பொதி தெரியாது. ஆளைத் தெரியும்," என்றாள் சிறிதேவி.

அவள் கழுவவேண்டிய கரண்டிகளைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் மெஷினுக்குள் எதையும் வைப்பதில்லை. கலியாணமான புதிதில் வைத்துப் பார்த்தாள். அவள் அடுக்கியதையெல்லாம் அருளானந்தன் எடுத்து மறுபடி அடுக்குவார். சில மாதங்களில் அவள் அந்தப் பக்கமே போவதை விட்டுவிட்டாள். மனைவிக்குக் கொஞ்சம் சோம்பல், தான் கெட்டிக்காரன் என்பதால் குடும்பம் ஓடுகிறது என்று அவர் நினைத்திருந்தார்.

அன்று பின்னேரமே எலியாஸ் ரெலிபோன் எடுத்தான். ஸ்டோவ்னரில் இருக்கும் கணினி மாணவன். விசைப்பலகைப் பொதியைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

"அருள் அண்ணை, நான் விலகப்போறன். எக்சாமன் வருது."

"எக்சாமன் முடிய?"

"வேலை தேடோணும் அண்ணை."

"வேலை கிடைச்ச பிறகு?"

"பிறகு கலியாணம் கிலியாணம் எண்டு வரும்தானே."

அருளானந்தனுக்கு மனது நொந்தது. முந்தின நாள்தான் எலியாஸ் அனுப்பிய பொதியில் எங்கெங்கே இடைவெளி கூடிப்போயிருக்கிறது, எங்கெங்கே குறைந்திருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியிருந்தார். பிறகு, பாவம், பிள்ளை கஷ்டப்படப்போகிறானே என்று தானே முழுவதையும் திருத்தி எழுதி ஏற்றியும் விட்டிருந்தார். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போகிறானே என்று இருந்தது. அநாதை நாற்பதாகிவிட்டது.

யோசனை கேட்க அவர் சூசைரட்ணத்தாரிடம் போனார். ஒஸ்லோவில் தமிழர் சங்கம் என்று எது இருந்தாலும் அதன் நிர்வாகக் குழுப் படத்தில் சூசைரட்ணத்தார் நிற்பார்.

"தம்பி, எங்கட ஆக்களுக்கு வேலை குடுத்தால் வரமாட்டினம்," என்றார் அவர். "பதவியைக் குடும். ஓடி வருவினம்."

வந்தார்கள். தலைவர், உபதலைவர், செயலாளர், எழுத்துருப் பொறுப்பாளர், பஞ்சாங்கப் பொறுப்பாளர், போஷகர் என்று ஒரு கிழமைக்குள் கதிரைகள் நிரம்பிவிட்டன. எல்லாருடைய படமும் களஞ்சியத்தின் முகப்பில் ஏறியது. பொதியை மட்டும் யாரும் தொடவில்லை.

உபதலைவர் ஜெயரத்தினம் அலுவலக நேரத்தில் ரெலிபோன் எடுத்தார். "தம்பி, தலைவற்றை படம் என்ரையை விடப் பெரிசாக் கிடக்கு. ஏன்?"

அருளானந்தன் அவருடைய படத்தைப் பெருப்பித்தார். அடுத்த நாள் தலைவர் சூசைரட்ணத்தார் எடுத்தார். அவருடையதும் பெருத்தது. படங்கள் வளர்ந்து வளர்ந்து, முகப்புப் பக்கம் திறப்பதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம் என்றாகியது.

உள்ளபடி வேலை செய்தவள் மரியரஞ்சனி ஒருத்திதான். அம்மருட்டில் இருந்தாள், ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. வேலை முடிந்து வந்து, பஞ்சாங்கப் பொதியைப் புதுப்பித்து அனுப்பினாள். அருளானந்தனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உடனே உட்கார்ந்து அவளுடைய பிழைகளை வரிக்கு வரி விளக்கி எழுதினார். எழுதி முடிந்ததும், இவ்வளவையும் அவள் எப்போது திருத்தி முடிப்பாள் என்று பொறுக்க முடியாமல் தானே திருத்திப் போட்டார்.

"நன்றி அண்ணா, நிறையப் படிச்சன்" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு மரியரஞ்சனியைக் காணவில்லை.

"படிச்ச கையோடை போயிடுறாங்கள்," என்று அருளானந்தன் வீட்டில் குறைப்பட்டார்.

"ஓம்," என்றாள் சிறிதேவி.

மாதம் முடிவதற்குள் தலைவரும் உபதலைவரும் முகம் பார்க்காமல் போனார்கள். ஜெயரத்தினம் பாதிப் படங்களோடு பிரிந்துபோய் 'ஐக்கிய களஞ்சியம்' என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார். அநாதைகளில் ஒன்றையாவது கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அதுவும் செய்யவில்லை.

தமிழ் வழி சரிவராது, நோர்வே வழியைப் பார்ப்போம் என்று அருளானந்தன் ரூனேயிடம் போனார். களஞ்சியம் குடியிருந்த சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் நெடிய, மெதுவான நோர்வேஜியன். எதைக் கேட்டாலும் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

"டுக்னாட் வை," என்றான் ரூனே.

ஊர் கூடித் தேர் இழுப்பதற்கு நோர்வேயில் அதுதான் பெயர். பனி கரைந்ததும் ஒரு சனிக்கிழமை அடுக்குமாடிச் சனமெல்லாம் குப்பை வாரும் விறாண்டியும் விளக்குமாறுமாகக் கீழே இறங்கி, குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கக் கொட்டிய சரளைக்கல்லைக் கூட்டி அள்ளி, காப்பி குடித்து, வாஃபல் என்கிற கட்டம்போட்ட அப்பத்தையும் தின்றுவிட்டுப் போகும். கூலியும் இல்லை, தலைவரும் இல்லை.

"வேலையைக் காட்டு. வாஃபல் கொடு. பிறகு தள்ளி நில்," என்றான் ரூனே.

முதல் இரண்டையும் அருளானந்தன் மனதில் பதித்துக்கொண்டார். மூன்றாவதை, 'நீங்கள் சிரமப்பட வேண்டாம்' என்பதுபோல ஒரு மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

புருசெத்தில் அவர் இருந்த கட்டடத்தின் நிலவறை மண்டபத்தில் ஏற்பாடு நடந்தது. மாடிப்படியில் அறிவித்தலும் ஒட்டினார். சனிக்கிழமை எட்டுப் பேர் மடிக்கணினியோடு வந்து சேர்ந்தார்கள். எலியாஸ்கூட வந்தான். மரியரஞ்சனியும் வந்தாள். இன்னொரு முறை பார்ப்போம் என்று நினைத்திருக்க வேண்டும். ஒன்பதாவதாக மூன்றாம் மாடிக் கிழவி இங்கெர் ஒரு விறாண்டியோடு வந்தாள். டுக்னாட் என்று ஒட்டியிருந்தால் வேறு எதோடு வருவது என்று கேட்டுவிட்டு முற்றத்துக்குப் போனாள்.

அருளானந்தனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர்போல ஒவ்வொருவருடைய முதுகுக்குப் பின்னாலும் போய் நின்றார்.

"உதிலை ஒரு இடைவெளி கூட."

"ஓம் அண்ணா, இப்ப எடுக்கிறன்," என்றாள் மரியரஞ்சனி.

"உப்பிடி எடுத்தால் மற்றது குழம்பும். விடும், விடும், நான் செய்யிறன்."

மவுஸ் கை மாறியது. அடுத்தவரிடம் போனார். அங்கேயும் மாறியது. எல்லாரும் ஒவ்வொருவராக எழும்பி வாஃபல் பக்கம் ஒதுங்கினார்கள். எலியாஸ் மாவை ஊற்றிக்கொண்டிருந்தான்.

"மா தண்ணியாக் கிடக்கு தம்பி. அகப்பையைத் தாரும்."

எலியாஸ் அகப்பையைத் தந்தான். அருளானந்தன் நல்ல பதத்தில் ஒரு வாஃபல் சுட்டு எடுத்துவிட்டுத் திரும்பினார். மண்டபத்தில் எட்டு மடிக்கணினிகள் திறந்தபடி இருந்தன. ஆட்களைக் காணவில்லை. நிலவறையின் உயரமான சின்ன யன்னலால் பார்த்தபோது வரிசையாகக் கால்கள் தெரிந்தன. எட்டுப் பேரும் இங்கெரோடு சேர்ந்து சரளைக்கல் வாரிக்கொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

அந்த வருடம் புருசெத்திலேயே துப்புரவான முற்றம் அவர்களுடையதுதான். பின்னேரம் இங்கெர் உள்ளே வந்து அருளானந்தனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"இவ்வளவு அருமையான பிள்ளைகளை எங்கே பிடித்தாய்? நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாங்களே பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்."

அருளானந்தன் அவளுக்கு ஒரு வாஃபல் கொடுத்தார். மடிக்கணினியை எடுக்க வந்தவர்களில் இரண்டு பேர், தாங்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த பொதிகளையும் மிகுந்த மரியாதையோடு அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒழுங்கில்லாததுதான் காரணம் என்று அவர் முடிவு கட்டினார். மே மாதம் முழுக்க இருந்து பராமரிப்பாளர்களுக்கு ஒரு கைநூல் எழுதினார். புத்தகமே போடலாம்போல நீண்டுவிட்டது. கடைசியில் ஒரு நுழைவுப் பரீட்சையும் வைத்தார். புதியவர்கள் மட்டும் எழுதினால் அநியாயம் என்று பழையவர்களையும் எழுதச் சொன்னார்.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதைதான். ஒருவருக்கு இடுப்பு நோ வந்தது. ஒருவருக்கு மாமியார் வந்தார். இன்னொருவர் பெர்கன் நகருக்கு வீடு மாறுவதாக எழுதினார். அந்த மனிதர் பத்து வருடமாகப் பெர்கனில்தான் இருந்தார். ஜூன் பிறந்தபோது களஞ்சியத்தில் அநாதை இல்லாத பொதி என்று ஒன்றுகூட இருக்கவில்லை. எத்தனை என்று எண்ணுவதை அருளானந்தன் நிறுத்திவிட்டார்.

"ஆள் கிடைச்சுதோ?" என்று சிறிதேவி கேட்டாள்.

"கிடைச்சிட்டுது."

"ஆர்?"

"ஒரு ஆள். நல்ல பொறுப்பான ஆள்."

அவர் பொய் சொல்லும்போது எதையாவது அடுக்குவார். இப்போது மெஷினுக்குள் கோப்பைகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். சிறிதேவி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ரெலிபோனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கிழமை முழுக்கப் பின்னேரங்களில் கதவு சாத்தித்தான் இருந்தது. கலியாணச் சீலைக் கதையாக்கும் என்று அவர் நினைத்தார். அவருக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

பயணத்துக்கு முதல் நாள், வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, மடிக்கணினியைச் சிறிதேவியின் பச்சைக் காஞ்சிபுரத்தில் சுற்றி, பெரிய சூட்கேசின் அடியில் வைத்தார். மனச்சாட்சி குத்தத்தான் செய்தது. அநாதைகளின் முகம் நினைவுக்கு வந்ததும் சூட்கேசைப் பூட்டினார்.

ரொறன்ரோவில் மச்சினன் வீட்டு அறையில் கதவைத் தாழிட்டுவிட்டு அவசரமாகச் சீலையை அவிழ்த்தார். உள்ளே மரக்கறி வெட்டுகிற பலகை இருந்தது. அதே நீளம், அதே அகலம். எடை சரிவர அதன் மேலே ஒரு துண்டு நோர்வேப் பழுப்புச் சீஸும் வைத்திருந்தது. யார் மாற்றியது என்று கேட்கவும் முடியாது. கேட்டால் யார் வைத்தது என்ற கேள்வி வரும். அவர் பலகையை மறுபடி சீலையில் சுற்றி வைத்தார்.

அந்த நாட்கள் அவருக்கு நெருப்பில் நின்றது மாதிரித்தான் கழிந்தன. கை சும்மா இருக்கவில்லை. மணவறைத் தோரணங்களை அவிழ்த்து மறுபடி கட்டினார். மண்டபத்துக் கதிரைகளை வரிசை மாற்றினார். வீடியோக்காரனுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று விளக்கினார். பெண்ணின் தகப்பன் அவரை மண்டபத்து வேலையாள் என்று நினைத்துக் கழிவறை எங்கே என்று கேட்டார். எலியாஸ், மரியரஞ்சனி என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்து, அங்கே எல்லாம் உடைந்து குப்பையாகக் கிடக்கும் என்று மனதுக்குள் அழுதார்.

ஆனாலும் தாலி கட்டுகிற நேரத்தில் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது, ஆனால் இருந்தார். மணவறைக்குப் பக்கத்தில் நின்ற சிறிதேவி கெட்டிமேளம் கேட்டதும் முதலில் அந்தக் கதிரையைத்தான் திரும்பிப் பார்த்தாள். அதில் ஆள் இருப்பதைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்த அருளானந்தனுக்கு நெஞ்சு இளகிப்போனது. இதற்காக இந்த மனுசி ஐந்து வருடம் காத்திருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் களஞ்சியம் என்று ஒன்று இருந்ததே நினைவில் இல்லை.

அடுத்த நாள் நினைவு வந்துவிட்டது. பெண்கள் கடைக்குப் போன நேரம் பார்த்து, ரெலிபோன் கார்ட் ஒன்றைச் சுரண்டி எலியாசுக்கு எடுத்தார்.

"தம்பி, களஞ்சியம் கிடக்கோ, செத்துப்போச்சோ?"

"கிடக்கு அண்ணை. நல்லாக் கிடக்கு."

"அநாதையள்?"

"ஒண்டும் இல்லை அண்ணை. எல்லாத்துக்கும் ஆள் வந்திட்டுது. மரியரஞ்சனி அக்காதான் கனக்க எடுத்தவ. பெர்கன்காரனும் திரும்பி வந்திட்டான். என்ரையை நான் எடுத்திட்டன்."

அருளானந்தன் கட்டிலில் இருந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. தான் பட்ட பாடெல்லாம் வீண்போகவில்லை என்று தோன்றியது.

"பாத்தீரோ," என்றார். "அந்தக் கைநூல் இப்பதான் வேலை செய்யுது."

"கைநூலோ?" எலியாஸ் கொஞ்சம் யோசித்தான். "ஓம் அண்ணை."

"ஆர் எல்லாரையும் கூப்பிட்டது? ரூனேயோ?"

"இல்லை, சிறி அக்கா. போறதுக்கு முதல் எங்கள் எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்தவ."

"சிறியோ? அவவுக்குப் பொதி எண்டால் என்னெண்டே தெரியாதே. என்ன சொன்னவ?"

"பெரிசா ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் நாலு கிழமை இஞ்சை இருக்கமாட்டியள், லப்டொப்பும் கொண்டுபோகமாட்டியள் எண்டு மட்டும்தான் சொன்னவ."

தான் இல்லாத குறையை நிரப்பப் பிள்ளைகள் எப்படி ஓடி வந்திருக்கிறார்கள் என்று அருளானந்தனின் நெஞ்சு விம்மியது. ரெலிபோனுக்குள் பின்னணியில் பலர் கதைக்கிற சத்தமும், கரண்டி தட்டுகிற சத்தமும், மரியரஞ்சனி எதற்கோ சிரிக்கிற சத்தமும் கேட்டன. வாஃபல் சுடுகிறார்கள்போல இருந்தது. மா பதமாக இருக்குமோ என்று ஒரு கவலை வந்து போனது.

"தம்பி, எல்லாருக்கும் சொல்லும், ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை," என்றார். "வந்து இறங்கின கையோடை நான் ஒவ்வொண்டா வடிவாப் பாத்துத் திருத்தித் தாறன்."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. எலியாஸ் ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு யாரோடோ கதைப்பது மங்கலாகக் கேட்டது. பிறகு கையை எடுத்தான்.

"அண்ணை, இஞ்சை எல்லாரும் ஒரு விசயம் கேக்கினம். சிறி அக்கான்ரை சகோதரங்களிலை இன்னும் கலியாணம் கட்டாமல் ஆரும் இருக்கினமோ?"